கொம்பில்லாத மாடு

என் கணவர் குதிரையோடு வந்து இறங்கிய அன்று நான் அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலையில், "குதிரைக்குத் தண்ணி காட்டணும், பெரிய வாளி எங்க?" என்று கேட்டார். கிணற்றடியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கள் வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும், யாரும் ஜெயிக்காமல்.

செய்யூருக்குத் தெற்கே, வேர்க்கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும் முடிந்து உப்பங்கழி தொடங்குகிற இடத்தில், என் அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. என் கணவர் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாதி ஆயுள் கம்பெனி பஸ்ஸிலேயே போயிற்று. ஆட்குறைப்பு வந்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். மகள் படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். எங்களோடு வந்து இருங்கள் என்றாள். போய்ப் பார்த்தோம். அவள் வீட்டு பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்து பால்கனியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்க ஊருக்கே போயிடலாமா?" என்றார். கல்யாணமான புதிதில் என் ஊரில் ஒரு ராத்திரி தங்குவதற்கே கொசு, உப்புத் தண்ணி என்று ஆயிரம் குறை சொன்ன மனிதர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பெண் எடுத்த ஊரிலேயே வந்து குடியேறுகிற ஆணை எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார்கள். மரியாதைக்கு எந்தக் குறையும் இருக்காது. "வாங்க மாப்ள" என்று உடனே ஒரு நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அந்த நாற்காலிதான் பிரச்சினை. மற்ற ஆண்கள் எல்லாம் கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்து ஏரி மதகையும் கூழ் ஊற்றுகிற தேதியையும் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் ஒரு முழம் உயரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், விருந்தாளியாக உட்கார்ந்திருப்பார். ஏதாவது யோசனை சொன்னால் எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு அவர் சொல்லவே இல்லை என்பது மாதிரி அவர்கள் பேச்சைத் தொடர்வார்கள். வீட்டுக்கு வந்து, "உங்க ஊர் ஆளுங்க நல்ல மாதிரி" என்பார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்த ஊரில் தானும் ஒரு ஆளாகிவிட வேண்டும். அதை ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லாமலேயே எனக்குத் தெரியும்.

முதலில் இரண்டு கறவை மாடு வாங்கினோம். பிறகு ஒரு எருமை. ஆடு நாலைந்து, கோழி, யாரோ தோப்பில் விட்டுவிட்டுப் போன ஒரு நாய். மாடு வைத்திருந்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். பேசினார்கள்தான். ஆனால் அவர் தழை கட்டுகிற விதத்தைப் பார்த்தும், எருமைக்கு அவர் 'குட் மார்னிங்' சொன்னதைக் கேட்டும் சிரித்த சிரிப்பு அடங்கப் பல மாதம் ஆயிற்று.

அப்புறம்தான் குதிரை. மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு நடை நடந்து வருகிற குதிரைகளில் அதுவும் ஒன்று. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும். பெட்டைக் குதிரை, மங்கிய வெள்ளை. ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தப் பக்கமாக யாராவது வந்தால் மிரளுகிறது என்று சவாரியிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். நாங்கள் மகளோடு போயிருந்தபோது ஒரு படகு நிழலில் தனியாகக் கட்டிக் கிடந்தது. இவர் கண் தெரிகிற பக்கமாகப் போய் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் உரம் வாங்கப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போவார். உரம் வராது, மனிதர் மட்டும் குதிரை வாடையோடு திரும்பி வருவார். கடைசியில் ஒரு மினி லாரியில் குதிரையும் வந்தது.

எதிர் வீட்டுச் சித்திதான் முதலில் பார்த்தாள். சொந்தச் சித்தி இல்லை, ஊர் முறைக்குச் சித்தி. என் அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள். வாயும் கையும் ஓயாதவள். லாரியிலிருந்து குதிரை இறங்குவதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா மாப்ள, குதிர மேல கண்ணாலத்தன்னிக்கி வந்திருக்கணும். இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றாள். தெரு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறுநாளிலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பால் கறக்குமா? கறக்காது. ஏர் ஓட்டுமா? ஓட்டாது. சாணியாவது வறட்டி தட்ட ஆகுமா? அதுவும் ஆகாது. "அப்ப இத்த இன்னாத்துக்கு வச்சிகினு கீறீங்க?" அவர் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டு நிற்பார். எதற்கென்று சத்தியமாக எனக்கும் தெரியாது. ஆனால் ஊரார் கேட்டபோது, "சும்மா இருக்கட்டும்னுதான்" என்று நான் வெடுக்கென்று சொன்னேன். நான் திட்டுவது வேறு, ஊர் திட்டுவது வேறு.

குதிரையை விற்றவர் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். "மாடு மாதிரின்னு நென்ச்சிடாதீங்க சார். சோறு, கஞ்சி, அரிசி ஒண்ணும் ஆவாது. மாடு அசபோட்டு செரிச்சிடும். இது அச போடாது, வாந்தியும் எடுக்காது. உள்ள போனது போனதுதான்." அதனால் கொள்ளு, கோதுமைத் தவிடு, புல், காய்ந்த கடலைக்கொடி. கொடியிலிருந்து மண்ணை உதறி உதறி என் தோள்பட்டை வலிக்கும். ஊறவைத்த கொள்ளு வாசம் காலையில் வீடு முழுக்க நிற்கும். மீந்த சோறும் கழுநீரும் மாட்டுக்கும் எருமைக்கும் போகும்போது, குதிரை தலையைத் தூக்கி அந்தத் தொட்டியையே பார்க்கும். அதற்கும் ஆசைதான்.

கடற்கரையில் அதற்கு ஏதோ சினிமாப் பெயர் வைத்திருந்தார்கள். இவர் அதைச் சொல்லிக் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு, "இந்தாம்மா" என்று மட்டும் கூப்பிடுவார். என்னையும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார். எத்தனையோ தடவை நானும் குதிரையும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறோம்.

மாட்டோடு வளர்ந்தவளுக்குக் குதிரை புரியவே மாட்டேன் என்றது. மாடு படுத்து அசைபோட்டால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குதிரை நின்றுகொண்டே தூங்கும். ஒருநாள் மத்தியானம் அது படுத்துக் கிடப்பதைப் பார்த்து நான் செத்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடினேன். அது எழுந்து உடம்பைச் சிலிர்த்துவிட்டு என்னைப் பார்த்தது. மாட்டின் முகத்தில் மனதில் இருப்பது தெரியும், குதிரை எதையோ மனதில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கும். எருமைக்கு மட்டும் அது முதல் நாளே புரிந்துவிட்டது. குருட்டுக் கண் பக்கமாக எருமை நின்றுகொள்ளும். அந்தப் பக்கம் எருமை இருக்கிறது என்று தெரிந்தால் குதிரை மிரளாது. அப்படி ஒட்டி நின்றே இரண்டும் மேயும். கடலைக் கொல்லையில் மயில் இறங்கினால் நாய் குரைப்பதோடு சரி. குதிரைதான் மூக்கால் ஊதிக்கொண்டு விரட்டப் போகும், பின்னாலேயே எருமை அவசரமில்லாமல் நடக்கும்.

இன்னொன்றும் இருந்தது. மேளச் சத்தம் கேட்டால் அது ஆடும். மாப்பிள்ளை அழைப்புக்குப் பழக்கிய குதிரை. கோயில் ஒலிபெருக்கியில் மேளம் ஒலித்தாலே போதும், கொட்டகையில் கட்டின இடத்திலேயே முன்னங்காலை ஒன்று மாற்றி ஒன்று தூக்கி வைக்கும். யார் சவாரி செய்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் இல்லை, அது பாட்டுக்கு ஆடும். எப்படி அடித்துப் பழக்கினார்களோ என்று நினைத்துக்கொள்வேன். அவர் போய் அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு பாட்டு முடிகிற வரை நிற்பார்.

குதிரை வந்த பிறகு வந்த முதல் மாட்டுப் பொங்கலுக்கு அவர் செய்யூர் போய்ப் பெயிண்ட் வாங்கி வந்தார். மாடுகளுக்கும் எருமைக்கும் கொம்பில் நீலமும் சிவப்பும். குதிரைக்குக் கொம்பு இல்லையே, அதன் குளம்புகளுக்கு அடித்தார். மாவிலையும் வேப்பிலையும் கட்டி, கழுத்தில் சாமந்தி போட்டு, எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு மந்தைவெளிக்குப் போனோம். அங்கே ஊர் மாடு எல்லாம் சேர்ந்ததும் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அதன் பிறகு மாடுகள் தெருவோடு வரும். வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் தட்டோடு நிற்பார்கள். எந்த மாடு வந்தாலும் அது யார் வீட்டு மாடு என்று பார்க்காமல் பொங்கலும் பழமும் பிசைந்து ஊட்டுவார்கள்.

ஊர்ப் பெரியவர் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "கோவிச்சிக்காதீங்க மாப்ள. இது மாட்டுக்கு உண்டான நாளு. கொம்பு கீறதுக்குத்தான் இங்க எடம். குதிரைய வூட்லயே கட்டிட்டு நீங்க வந்து குந்துங்க, நாற்காலி போடச் சொல்றேன்." பின்னால் யாரோ சிரித்தார்கள். இவர் சரிங்க என்றார். மாடுகளை என்னிடம் விட்டுவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார், திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கொட்டகையில் அதற்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். தெருவில் மேளம் போய்க்கொண்டிருந்தது, அது காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. ஊரின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வருடம் அவர் பெயிண்ட் வாங்கும்போது மாடுகளுக்கு மட்டும் வாங்கினார்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் சித்தியின் சினைப்பசு உப்பங்கழிச் சேற்றில் இறங்கிவிட்டது. வயிறு வரை புதைந்து, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். கரை நனைந்து கிடந்ததால் இறங்கினால் டிராக்டரும் புதையும் என்று ஓட்டுகிறவர் கைவிட்டுவிட்டார். ஆண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள், அசையவில்லை. சித்தி கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பிழைப்பே அந்த மாடுதான். இவர் வீட்டுக்கு வந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனார். மார்பில் சாக்கு மடித்துக் கட்டி, அதன் மேல் கயிறு போட்டு, காதருகே "இந்தாம்மா, இந்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். ஆண்களும் சேர்ந்து இழுத்தார்கள். குதிரை நுரை தள்ள இழுத்தது. பசு சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தபோது எழுந்த சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சித்தி குதிரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அங்கே நின்றிருந்த ஊர்ப் பெரியவரைப் பார்த்து, "இந்தப் பொங்கலுக்கு இதுவும் வரும். கொம்பு கிம்புன்னு எவனாவது சொன்னா நான் வாசல்ல வெளக்கு வெக்க மாட்டேன்" என்றாள். பெரியவர், "நான் இன்னா சொன்னேன்? வரட்டுமே" என்றார்.

அந்த வருடப் பொங்கல் நெருங்க நெருங்க இவர் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். வாலைச் சிக்கெடுத்துப் பின்னினார். பிடரிக்கு எண்ணெய் தடவினார். "பொண்ணு பாக்க வராங்களா?" என்று கேட்டேன். "நீ சும்மா இரு" என்றார், ஆனால் முகம் மலர்ந்து கிடந்தது. மந்தைவெளியில் பூசாரி முதல் தண்ணீரைக் குதிரையின் மேல்தான் தெளித்தார். மேளம் அடித்ததும் அது ஆடத் தொடங்கிவிட்டது. நீலக் குளம்பை ஒன்று மாற்றி ஒன்று தூக்கி, கழுத்தை வளைத்து, தெரு முழுக்க ஆடிக்கொண்டே வந்தது. கூட்டம் விசிலடித்தது. என் ஊர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் வீடு சித்தி வீடு. பெரிய தாம்பாளத்தில் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தாள். இவர் முன்னால் போய், மெதுவாக, "அத்த, அதுக்குச் சோறு ஆவாது. பழம் ஒண்ணு மட்டும் குடுங்க, போதும்" என்றார்.

"எங்கூட்டுச் சோறு அத்த இன்னா பண்ணிடும் மாப்ள? எம் மாட்ட இஸ்துகினு வந்த சாமி அது. வெறும் வாயோட அனுப்புவனா?" என்றாள் சித்தி. கண் கலங்கியிருந்தது. கையில் உருண்டை. குதிரை தானே கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டது. மூன்று வருடமாகப் பக்கத்துத் தொட்டியில் பார்த்துப் பார்த்து ஏங்கினதாயிற்றே.

அடுத்த வீட்டில் என் பெரியப்பா மகன், முறைக்குத் தம்பி, "மாமா, சித்தி வூட்ல துன்னுச்சி. எங்கூட்ல துன்னாதா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இவர் குறுக்கே நின்று பாதியைத் தன் துண்டில் வாங்கிக்கொண்டார். எருமையை இழுத்து முன்னால் விட்டார். நான் ஒரு குண்டானை நீட்டிக்கொண்டு, "இதுல போடுங்க, வூட்ல போயி ஊட்டறேன்" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் போனேன். "கையால ஊட்னாத்தான் எங்களுக்குத் திருப்தி" என்றார்கள். கையால்தான் ஊட்டினார்கள், தட்டித் தடவிக்கொடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்து.

கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று மகள் பிறகு கேட்டாள். தட்டோடு வாசலில் நிற்கிற ஒருத்தியை நேருக்கு நேர் பார்த்திராதவர்கள் அப்படிக் கேட்கலாம்.

தெரு முடிந்ததும் குதிரையைப் பக்கத்தில் கட்டிவிட்டு ஆண்கள் கோயில் முன்னால் உட்கார்ந்தார்கள். யாரும் நாற்காலி எடுக்கப் போகவில்லை. ஒருவர் நகர்ந்து இடம் விட்டார், இவர் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெரியவர் மதகுப் பலகை மாற்றுவதைப் பற்றி, "நீ இன்னா சொல்ற மாப்ள?" என்று கேட்டார். நீங்க இல்லை, நீ. இவர் பதில் சொன்னார், அவர்கள் அதை ஒத்துக்கொண்டார்கள். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை நன்றாகத்தான் இருந்தது அப்போது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது புல்லைத் தொடவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. முன்னங்காலால் தரையைக் கீறியது. கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று இரவைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

காலையில் கால்நடை மருத்துவர் வந்தார், சின்ன வயதுப் பெண். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவருக்கு நிற்க நேரமில்லை. சுற்றுவட்டாரம் முழுக்கச் சோறு தின்று வயிறு உப்பின மாடுகள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். "பொங்கல் குடுத்தீங்களா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றார் இவர். அந்தப் பெண் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். இனி குதிரைக்கென்றே இருக்கிற மருத்துவர் யாராவது வந்தால்தான் உண்டு, லாரியில் ஏற்றினால் வழி தாங்காது என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்கு ஓடினார்.

குதிரையை விற்றவரிடம் கேட்டு சென்னையில் ஒரு மருத்துவரைப் பிடித்தோம். நல்ல மனிதர், உடனே காரை எடுத்துவிட்டார். ஆனால் அன்று காணும் பொங்கல். சென்னையே மாமல்லபுரத்துக்குக் கிளம்புகிற நாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸும் காரும் ஆட்டோவும் குட்டி யானை வண்டியில் நின்றுகொண்டே வருகிற குடும்பங்களும். முதலில் கூப்பிட்டபோது முட்டுக்காட்டில் இருந்தார். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டபோது கோவளம் தாண்டவில்லை. பின்னால் யாரோ ஊதுகிற பீப்பி சத்தம் போனில் கேட்டது. அந்த ஜனங்கள் எல்லோரும் கடல் பார்க்கவும் குதிரை ஏறவும் போய்க்கொண்டிருந்தார்கள்.

குதிரை கிணற்றடித் தென்னைமரத்தின் பக்கத்தில் படுத்தது, எழுப்ப முடியவில்லை. உடம்பு முழுக்க வேர்வை. எருமை கயிற்றை அறுத்துக்கொள்கிற மாதிரி கத்தியது. அவிழ்த்துவிட்டேன். அது நேராகப் போய்க் குருட்டுக் கண் பக்கமாக நின்றுகொண்டது. இவர் தரையில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டு "இந்தாம்மா" என்றார். நான் பக்கத்திலேயே இருந்தேன். இந்த முறை அது மட்டும் காதை அசைத்தது. வெயில் தலைக்கு மேல் வருவதற்குள் முடிந்துவிட்டது.

இவர் மருத்துவரைக் கூப்பிட்டு, "வேணாம் சார், திரும்பிடுங்க. ரொம்ப நன்றி" என்றார். "திரும்பக்கூட முடியலங்க" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

சேதி தெரிந்து ஊரே வந்தது. பண்டிகை உடுப்போடு வந்தார்கள். பெரியவர் மகன் எங்கிருந்தோ மண் அள்ளுகிற இயந்திரத்தைக் கொண்டுவந்தான். தோப்பு ஓரத்தில் புதைக்கலாம் என்று இவர் சொன்னபோது பெரியவர் மறுத்துவிட்டார். "நம்ம ஊரு மாடுங்களப் பொதைக்கற எடத்துலயே பொதைக்கலாம் மாப்ள. அதுவும் நம்ம மாடுதான?" மஞ்சளும் குங்குமமும் வைத்து, புதுத் துணி போர்த்தி, உப்புக் கொட்டி, ஒரு மாட்டுக்கு என்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார்கள். பெண்கள் அழுதார்கள். முந்தின நாள் ஊட்டின கைகள்தான் மண் போட்டன. அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மருத்துவருக்கும் இவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு ஒவ்வொரு கையையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

சித்தி போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

புதைத்துவிட்டுக் குளித்த பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நேத்துகூட அப்டி ஆடிகினு வந்துதே. இன்னா ஆச்சி மாப்ள அதுக்கு?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சி அத்த" என்றார்.

"நெனச்சேன். கண்ணும் போயிடுச்சி, பாவம். நேத்து எங்கையால வயிறாரத் துன்னுட்டுப் போச்சி. அது ஒண்ணுதான் மன்சுக்கு ஆறுதலா கீது."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். முப்பது வருடமாக என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்காத மனிதர். நான் எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தேன்.

"ஆமா அத்த. உங்க வூட்லதான் ரொம்ப ருசிச்சித் துன்னுச்சி" என்று அவர் சொல்வது கேட்டது.

நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு சித்தி எழுந்தாள். "அடுத்த பொங்கலுக்குள்ள இன்னொண்ணு இட்டாந்துடுங்க மாப்ள. ஊரே சேந்து பாத்துக்கலாம்." அவர் சரி என்று தலையாட்டினார். வாசல் வரை போய் அவளை அனுப்பிவிட்டு, கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. அவர் அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. எதிர் வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று நான் ஓடிப்போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து, கடலைக் கொல்லை வரை போயிற்று. அவர் வெளியே வருகிற வரை நான் அதை நிறுத்தவில்லை.